இரண்டாம் கியர்

ஏழு சனிக்கிழமையாகச் சொல்கிறார் தவசீலன்,
"அடுத்த வாரம் நானே மாத்திடறேன்."
சிங்கப்பூரில் ஆறு நாள் வேலை,
பாலத்து நெரிசலில் பாதி ராத்திரி,
ரெங்கம் வந்து சேர்ந்தால் தூக்கம்.
ஞாயிறு மதியம் சாவியை எடுத்துப்போய்
பசார் வரை ஓட்டிவிட்டு வந்து
"உன் கால்தான்" என்பார்.
"உங்க கைதான்" என்பேன்.
இரண்டாம் கியருக்குப் போகும்போதெல்லாம்
எங்கள் தொண்ணூற்றிரண்டாம் வருடத்துச் சாகா
பல்லைக் கடிக்கும்.
யாரைப் பார்த்து என்பதில்தான் வழக்கு.

செவ்வாய்க்கிழமை
ஆலை எடைமேடையில் எனக்குக் காலை முறை.
குலையோடு வந்த லோரி, வெறுமையாய்ப் போன லோரி,
ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துச் சீட்டெழுதி
மூன்று மணிக்குக் கிளம்பினேன்.
பத்துக் கிலோமீட்டர் செம்மண் ரோடு
கியர்பெட்டியைச் சூடாக்கிவிட்டது.
சூட்டோடு திறந்தால்தான் முழுசாக வடியும் என்றிருந்தாள்
சாமான் கடை சியூ லான்,
இடைநிலைப் பள்ளியில் என் பக்கத்து மேசை.
"மேல் நட்டை முதல்ல திற.
அது வராம கீழ் நட்டைத் தொட்டே,
நாளைக்கு நீ நடந்துதான் வேலைக்கு."

நான்கு சக்கரத்துக்கும் பலகை கொடுத்து மட்டமாக நிறுத்தி
பாய் விரித்துப் படுத்தேன்.
மேல் நட்டு அசையவில்லை.
முழங்கை எலும்பு நொடித்தது, தோல் உரிந்தது,
நட்டு அப்படியே.
பக்கத்து வீட்டு ஷொஃபிகுல் குலை வெட்டுகிறவன்.
வளைந்துபோன வெட்டுக்கழியில்
இரண்டு முழம் அறுத்து எடுத்து வந்தான்.
தானே செய்கிறேன் என்று கை நீட்டினான்.
கழியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.
ஸ்பேனர் வாலில் அதைச் செருகி
இரண்டு காலாலும் உதைத்தேன்.
டக்.
தெருநாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது.

அப்புறம் கீழ் நட்டு. சுலபம்.
வந்தது கறுப்பில்லை,
மழைக்கால ஆற்றின் நிறம்.
சாய்த்துப் பார்த்தால் மீன்செதிலாய் மினுங்கியது.
கருகிய தீக்குச்சியும் கெட்ட முட்டையும் கலந்த வாடை.
நட்டின் நுனியில் காந்தம்,
காந்தத்தில் சாம்பல் நிற ரோமம்.
தொட்டால் களிம்பு.
அரைபட்ட பற்கள்.
இதில் அவர் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு?
நான் வேலை செய்யும் மேடை
அவ்வளவு சின்னதை நிறுக்காது.
ஆனாலும் டிஷ்யூவில் வழித்து மடித்தேன்,
சனிக்கிழமை காட்ட.

பழக்கதோஷம், அளக்காமல் விட முடியவில்லை.
வடிந்ததைத் தண்ணீர் பாட்டில்களில் ஊற்றினேன்.
ஒரு லிட்டர். அப்புறம் அரை பாட்டிலுக்கும் குறைவு.
இருந்திருக்க வேண்டியது இரண்டுக்கு மேல்.
கழித்துப் பார்த்தேன்.
மீதி எங்கே?

படுத்தபடியே தலையைத் திருப்பினால்
சிமெண்டுத் தரையில் அந்தக் கறை.
வெள்ளிக்கிழமை தோறும்
சோப்புத்தூள் போட்டு நான் தேய்க்கிற கறை.
பார்த்தால் "காடிய வித்துடலாம்" என்பார்,
அதற்காக.
காலையும் கையையும் நாங்கள் விசாரித்துக்கொண்டிருக்க,
அச்சோரத்து ரப்பர் வளையம் ஒன்று
சொட்டுச் சொட்டாக வாக்குமூலம் கொடுத்திருக்கிறது.
அதை நானே அழித்திருக்கிறேன், தேய்ப்பான் வைத்து.

மீன்தொட்டிக் குழாயில் புனல் சொருகி
தேன் நிறத்துப் புது எண்ணெயை மேலிருந்து விட்டேன்.
மெதுவாகத்தான் இறங்கியது.
ஓட்டையின் உதட்டில் நூலாக வழிந்ததும் மூடினேன்.
மழை அப்போதுதான் பிடித்தது.

ராத்திரி போனில் கேட்டார், "இன்னிக்கு என்ன செஞ்சே?"
"ஒன்னுமில்ல. காடி கழுவினேன்."

புதன் விடியல், இருட்டு கலையாத செம்பனை வரிசை.
முதல் கியர். கிளட்ச். இரண்டாவது.
சத்தமே இல்லை.
விழுந்ததா இல்லையா என்று தெரியாமல்
திரும்ப மிதித்து, திரும்பப் போட்டேன்.
சனிக்கிழமை அவரும் இதையே செய்வார்,
அப்போது முகத்தைப் பார்க்க வேண்டும்.

வளையம் இருபது வெள்ளி, மாற்றக் கூலி நூற்றைம்பது
என்கிறாள் சியூ லான்.
கறையை இந்த வாரம் தேய்க்கவில்லை.
டிஷ்யூவைத்தான் எங்கே போட்டேன் என்று தெரியவில்லை.